மெலனோமாவில் ஹிஸ்டமின் ஆக்கமும் சைட்டோகைன்களும்

தோலின் நிறமி உயிரணுக்களில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுநோயின் உயிரணுக்கள், ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைத் தாமே ஆக்கி வெளியிடக்கூடியவை. தும்மல், தோல் தடிப்பு, அரிப்பு முதலிய ஒவ்வாமை விளைவுகளோடு இணைத்துப் பரவலாக அறியப்பட்ட இப்பொருள், புற்றுக்கட்டியினுள் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் சைகையாகவும் செயற்படுகின்றது. சைட்டோகைன்கள் எனப்படும் நோயெதிர்ப்புச் சைகைப் புரதங்கள் இதில் இரண்டு இடங்களில் தலையிடுகின்றன. பல வகை உயிரணுக்களில் ஹிஸ்டமின் ஆக்கத்தின் அளவை அவை கூட்டுகின்றன. மெலனோமா உயிரணுவில், ஆக்கப்பட்ட ஹிஸ்டமினுக்கு உயிரணு எவ்வாறு மறுமொழி தருகின்றது என்பதை அவை மாற்றுகின்றன. ஹிஸ்டமினும் தன் பங்கிற்குச் சைட்டோகைன்களின் ஆக்கத்தை மாற்றுவதால், இவ்விரண்டிற்கும் இடையே நிலவுவது இருவழித் தொடர்பாகும்.

தோல் புற்றுநோய்களுள் மெலனோமா எண்ணிக்கையில் குறைந்தது. ஆயினும் தோல் புற்றுநோயால் நேரும் இறப்புகளுள் பெரும்பகுதிக்கு அதுவே காரணமாகும். 2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3,25,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; ஏறத்தாழ 57,000 பேர் இதனால் இறந்தனர். வெளிர்நிறத் தோல் கொண்ட மக்கள் மிகுதியாக வாழும் ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் இதன் வீதம் மிக உயர்வு. கருநிறத் தோல் உடையோரிடம் இது அரிது. அவர்களுக்குத் தோன்றும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி போன்ற இடங்களில் தோன்றுவதே மிகுதி. அதனால் பெரும்பாலும் காலங்கடந்தே கவனிக்கப்படுகின்றது.

ஹிஸ்டமினும் அதனை ஆக்கும் நொதியும்

ஹிஸ்டமின் சிறிய மூலக்கூறு; இதன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 111 ஆகும். உணவுப் புரதங்களில் உள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஒரு கார்பன்-டை-ஆக்சைடு மூலக்கூறு நீங்கும்போது ஹிஸ்டமின் உண்டாகின்றது. இந்த ஒற்றைப் படியை நடத்துவது ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸ் என்னும் நொதி. இது செயற்பட உயிர்ச்சத்து பி6 இலிருந்து பெறப்படும் துணைக்காரணி தேவை. மனிதரில் இந்நொதிக்கான மரபணு 15 ஆம் நிறப்புரியில் அமைந்துள்ளது. நொதி முதலில் 74 கிலோடால்டன் எடையுள்ள முன்னோடிப் புரதமாக உருவாகிப் பின்னர் வெட்டப்பட்டு ஏறத்தாழ 53 முதல் 55 கிலோடால்டன் எடையுள்ள வடிவை அடைகின்றது. பாலூட்டிகளின் உடலில் ஹிஸ்டமினை ஆக்க இதைவிட்டால் குறிப்பிடத்தக்க வேறு வழி இல்லை. ஆகவே ஒரு திசுவில் ஹிஸ்டமின் ஆக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ விரும்பும் எச்சைகையும் இந்நொதியின் வழியாகவே செல்லவேண்டும்.

ஹிஸ்டமின் 1907 இல் செருமனியில் விண்டௌசு, போகுட்டு ஆகியோரால் செயற்கையாகத் தொகுக்கப்பட்டது. 1910 இல் இங்கிலாந்தில் என்றி டேல், பேட்ரிக் லெய்ட்லா ஆகியோர் அதன் உடலியங்கியல் விளைவுகளை விவரித்தனர். 1927 இல் ஈரலிலும் நுரையீரலிலும் அது இயல்பாகவே உள்ளது என்பது நிறுவப்பட்டது. திசு என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லே இதன் பெயருக்கு அடிப்படை. 1953 இல் ரைலி, வெசுட்டு ஆகியோர் மாஸ்ட் உயிரணுக்களின் மணிகளில் ஹிஸ்டமின் சேமிக்கப்படுவதைக் காட்டினர். இக்கண்டுபிடிப்பு மிகவும் வெற்றிபெற்றதால், ஹிஸ்டமின் என்றாலே மாஸ்ட் உயிரணு என்னும் எண்ணம் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. புற்று உயிரணுக்களின் ஹிஸ்டமின் நெடுங்காலம் கவனம் பெறாமல் இருந்ததற்கு இந்த எண்ணத்திற்கும் பங்கு உண்டு எனலாம்.

ஹிஸ்டமினை உணர்வதற்கு எச்1, எச்2, எச்3, எச்4 என நான்கு வகை ஏற்பிகள் உள்ளன. ஒவ்வாமைக்கு வழங்கப்படும் மாத்திரைகள் எச்1 ஏற்பியைத் தடுப்பவை. சிமெட்டிடின் முதலிய வயிற்று அமிலக் குறைப்பிகள் எச்2 ஏற்பியைத் தடுப்பவை. எச்3 ஏற்பி முதன்மையாக நரம்புத் தொகுதியிலும், எச்4 ஏற்பி நோயெதிர்ப்பு உயிரணுக்களிலும் காணப்படுகின்றன.

சேமித்த ஹிஸ்டமினும் புதிதாகப் பிறக்கும் ஹிஸ்டமினும்

சுவீடனின் லுண்டு நகரில் கியோர்கு கால்சன், எல்சா ரோசன்கிரென் ஆகியோர் 1960 ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வுகள் வேறொரு வகை ஹிஸ்டமினைச் சுட்டிக்காட்டின. எலிக் கருவின் ஈரல், ஆறிவரும் தோல் புண் போன்ற விரைந்து வளரும் திசுக்கள் ஹிஸ்டமினை மிகுதியாக ஆக்கின. அது மணிகளில் சேமிக்கப்படவில்லை. ஆக்கப்பட்ட உடனேயே உயிரணுவை விட்டு வெளியேறியது. ஆகவே திசுவில் இருக்கும் ஹிஸ்டமினை மட்டும் அளப்பவருக்கு அது சிறிதாகவே தோன்றும். ஆக்கும் வீதத்தை அளந்தாலன்றி உண்மை தெரியாது. கடையின் கிடங்கில் சரக்கு இல்லை என்பதால் அங்கு வாணிபம் இல்லை என்று கொள்ள முடியாததைப் போன்றது இது. ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவின் ரிச்சர்டு சேயர், பாக்டீரிய நச்சு போன்ற தூண்டல்களால் எலித் திசுக்களில் இந்நொதி உயர்வதைக் கண்டு, அவ்வாறு உண்டாகும் ஹிஸ்டமினைத் தூண்டப்பட்ட ஹிஸ்டமின் என அழைத்தார்.

வளர்ச்சியோடு ஹிஸ்டமின் ஆக்கம் சேர்ந்து செல்லுமாயின், கட்டுப்பாடின்றி வளரும் புற்றிலும் அது இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இங்கிருந்தே எழுந்தது.

சைட்டோகைன்கள் நொதியைத் தூண்டும் முறை

சைட்டோகைன்கள் உயிரணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறப் பயன்படுத்தும் சிறு புரதங்களாகும். இன்டர்லியூக்கின்கள், இன்டர்ஃபெரான்கள், புற்று நசிவுக் காரணி முதலியன இவ்வகையின. இவை உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பொருந்தி, உள்ளே ஒரு தொடர் வினையைத் தொடக்கி, உட்கருவில் குறிப்பிட்ட மரபணுக்களை இயக்குகின்றன அல்லது நிறுத்துகின்றன.

இவற்றுள் சில ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸ் நொதியின் அளவை உயர்த்துவது 1980களில் தெளிவாகியது. சப்பானின் செண்டாய் நகரில் யாசுவோ எண்டோ, இன்டர்லியூக்கின்-1, புற்று நசிவுக் காரணி ஆகியவற்றை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் திசுக்களில் நொதியின் செயற்பாடு உயர்ந்ததைக் காட்டினார். பாக்டீரிய நச்சால் ஏற்படும் இத்தகைய உயர்வு மாஸ்ட் உயிரணுக்கள் அற்ற எலி இனத்திலும் நிகழ்ந்தது. எனவே உயர்ந்த ஹிஸ்டமினுக்கு மாஸ்ட் உயிரணுக்களே காரணம் என்று கூற இடமில்லாமல் போனது. பாரிசில் நடைபெற்ற ஆய்வுகள், எலியின் எலும்பு மச்சை உயிரணுக்களை ஹிஸ்டமின் ஆக்கத் தூண்டும் ஒரு காரணியைத் தேடிச் சென்று, அது இன்டர்லியூக்கின்-3, ஜிஎம்-சிஎஸ்எஃப் என்னும் ஏற்கெனவே பெயரிடப்பட்ட சைட்டோகைன்களே எனக் கண்டன. இன்டர்லியூக்கின்-12, இன்டர்லியூக்கின்-18 ஆகியனவும் பின்னர் இப்பட்டியலில் சேர்ந்தன.

எந்த உயிரணுவில் இம்மரபணு இயங்கக்கூடும் என்பதை அதன் டி.என்.ஏ.யின் மீது இடப்படும் மெத்தில் குறிகளும் முடிவுசெய்கின்றன. இக்குறிகள் மிகுந்து மரபணு மூடப்பட்ட உயிரணுவில் சைட்டோகைன் எவ்வளவு வந்தாலும் பயன் சிறிது. அதனால் ஓர் உயிரணு வகையில் கண்ட விளைவை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்திக் கூறுதல் தவறாகும். எலும்பு மச்சையில் உண்மையாக இருப்பது தோல் புற்றிலும் உண்மையாக இருக்கவேண்டியதில்லை.

மெலனோமா உயிரணுவில் ஹிஸ்டமின்

இயல்பான நிறமி உயிரணுவே ஹிஸ்டமினுக்குச் செவிசாய்க்கக்கூடியது. வளர்ப்பு ஊடகத்தில் வைக்கப்பட்ட மனித நிறமி உயிரணுக்கள், எச்2 ஏற்பியின் வழியாக ஹிஸ்டமினை உணர்ந்து மெலனின் நிறமியை மிகுதியாக ஆக்குவதைச் சப்பானிய ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தோல் அழற்சிக்குப் பின் அவ்விடம் கருத்துப்போவதன் காரணங்களுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது.

மெலனோமா ஒரு படி மேலே செல்கின்றது: கேட்பதோடு நில்லாமல் பேசவும் செய்கின்றது. அங்கேரியின் புதாபெசுட்டு நகரிலுள்ள செம்மல்வெய்சு பல்கலைக்கழகத்தில் ஆந்திராசு ஃபலுசு தலைமையிலான குழுவினரும் அவர்களோடு இணைந்து பணியாற்றியோரும் 2000 ஆம் ஆண்டிலிருந்து இத்துறையில் தொடர்ச்சியாக ஆய்வுகளை வெளியிட்டனர். மனித மெலனோமாத் திசுக்களிலும் வளர்ப்பு உயிரணுக்களிலும் ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸ் இருப்பது முதலில் காட்டப்பட்டது. அடுத்து 2001 இல், இந்நொதியின் செய்தி ஆர்.என்.ஏ.வோடு ஒட்டி அதை முடக்கும் குறுந்துண்டுகளை உயிரணுக்களுக்குள் செலுத்தியபோது, மெலனோமா உயிரணுக்களின் பெருக்கம் குறைந்தது. உயிரணு தான் ஆக்கிய ஹிஸ்டமினைத் தானே உணர்ந்து வளர்கின்றது என்ற கருத்துக்கு இது வலுவான சான்றாகும். இவ்வாறு ஓர் உயிரணு தன் சைகையைத் தானே பெறுதல் தற்சுரப்புக் கட்டுப்பாடு எனவும், அண்டை உயிரணுவுக்கு அனுப்புதல் அண்டைச்சுரப்புக் கட்டுப்பாடு எனவும் அழைக்கப்படும்.

மெலனோமா உயிரணு ஆக்குவது ஹிஸ்டமினை மட்டும் அன்று. இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-6, இன்டர்லியூக்கின்-8, ஜிஎம்-சிஎஸ்எஃப், உருமாற்ற வளர்ச்சிக் காரணி-பீட்டா முதலிய பல சைட்டோகைன்களையும் அது வெளியிடக்கூடும். கட்டியினுள் புகும் பெருவிழுங்கிகளும் டி உயிரணுக்களும் தம் பங்கைச் சேர்க்கின்றன. ஆக, பிற திசுக்களில் ஹிஸ்டமின் நொதியைத் தூண்டுவதாக அறியப்பட்ட அதே புரதங்கள் மெலனோமாவின் சூழலில் நிறைந்துள்ளன.

இன்டர்லியூக்கின்-6: பொருள் மாறும் சைகை

இத்தொடர்பில் நன்கு ஆராயப்பட்டது இன்டர்லியூக்கின்-6 ஆகும். அதன் கதை ஹிஸ்டமினை விட்டுத் தொடங்குகின்றது.

கனடாவின் டொராண்டோவில் சாவோ லூ, ராபர்ட்டு கெர்பெல் ஆகியோர் 1993 இல் வெளியிட்ட ஆய்வில், மெலனோமாவின் தொடக்க நிலையிலிருந்து பெறப்பட்ட உயிரணுக்களின் வளர்ச்சியை இன்டர்லியூக்கின்-6 தடுத்தது. முற்றிய நிலையிலிருந்து பெறப்பட்ட உயிரணுக்களோ அத்தடைக்குக் கட்டுப்படவில்லை. அவற்றுள் சில, தாமே இன்டர்லியூக்கின்-6 ஐ ஆக்கின; அந்த ஆக்கத்தை முடக்கியபோது அவற்றின் வளர்ச்சி குன்றியது. நோயின் தொடக்கத்தில் தடையாக இருந்த சைகை, நோய் முற்றும்போது ஊக்கியாக மாறிவிட்டது. மூலக்கூறு மாறவில்லை, அதைப் படிக்கும் உயிரணு மாறிவிட்டது.

ஹிஸ்டமினிடமும் இத்தகைய இருமுகம் காணப்பட்டது. இதற்கான ஆய்வில் டபிள்யூஎம்35 என்னும் உயிரணு வரிசை பயன்பட்டது. இது தொடக்க நிலை மெலனோமாவிலிருந்து பெறப்பட்டது; பெயரின் முதலிரு எழுத்துக்கள் அது உருவாக்கப்பட்ட பிலடெல்பியாவின் விசுடார் நிறுவனத்தையும் மெலனோமாவையும் குறிக்கும். புதாபெசுட்டு, புவெனசு ஐரிசு ஆகிய நகரங்களின் ஆய்வாளர்கள் இணைந்து 2002 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, உயர்ந்த செறிவில் ஹிஸ்டமின் எச்1 ஏற்பியின் வழியாக இவ்வுயிரணுக்களின் பெருக்கத்தைத் தடுத்தது. குறைந்த செறிவில் அது எச்2 ஏற்பியின் வழியாக வளர்ச்சியை ஊக்கியது. இன்டர்லியூக்கின்-6 சேர்க்கப்பட்டபோது ஹிஸ்டமினின் தடுப்பு விளைவு மேலும் வலுப்பெற்றது.

இங்கு சைட்டோகைன் செய்வது ஹிஸ்டமினின் விளைவைத் திசைப்படுத்துவதாகும். எவ்வளவு ஹிஸ்டமின் உள்ளது என்ற வினாவுக்கு விடை தெரிந்தாலும், எந்த ஏற்பி மிகுந்துள்ளது, நோய் எந்நிலையில் உள்ளது, அருகில் வேறு எந்தச் சைகைகள் உள்ளன என்பவை தெரியாமல் விளைவை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஹிஸ்டமின் புற்றை வளர்க்குமா, தடுக்குமா என்று ஒரே சொல்லில் விடை கேட்கும் தேர்வு வினா பிழையான வினாவாகவே அமையும்.

எச்2 ஏற்பியின் வழியான ஊக்கத்துக்கு மேலும் சான்றுகள் கிடைத்துள்ளன. மனித மெலனோமா உயிரணுக்களில் ஹிஸ்டமின் இவ்வேற்பியின் வழியாக ஈட்டிஎசு-1 என்னும் புற்றுத்தூண்டு புரதத்தின் அளவை உயர்த்துவது 2005 இல் காட்டப்பட்டது. எச்4 ஏற்பியும் மெலனோமா உயிரணுக்களில் உள்ளது. அதனைத் தூண்டினால் பெருக்கம் குறைவதாகப் புவெனசு ஐரிசு குழுவினர் 2011 இல் தெரிவித்தனர்.

எதிர்த்திசை: ஹிஸ்டமின் நோயெதிர்ப்பை மாற்றுதல்

மெலனோமா வெளியிடும் ஹிஸ்டமின் அருகிலுள்ள நோயெதிர்ப்பு உயிரணுக்களையும் சென்றடைகின்றது. எச்2 ஏற்பியின் வழியாக அது இன்டர்லியூக்கின்-12, புற்று நசிவுக் காரணி ஆகியவற்றின் ஆக்கத்தைக் குறைத்து, இன்டர்லியூக்கின்-10 இன் ஆக்கத்தைக் கூட்டுகின்றது. முதலிரண்டும் புற்றை எதிர்க்கும் உயிரணுக்களை ஊக்குபவை. மூன்றாவது அவற்றை அடக்குவது. உதவித் டி உயிரணுக்களின் இரு வகைகளுள் ஒன்றில் எச்1 ஏற்பியும் மற்றதில் எச்2 ஏற்பியும் ஓங்கியிருப்பதை 2001 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒரே ஹிஸ்டமின் ஒரு சாராரை ஊக்கவும் மறு சாராரை அடக்கவும் வல்லது என்பது இதனால் விளங்கும்.

இதற்கு மாறான நற்பயனும் உண்டு. கட்டியிலுள்ள பெருவிழுங்கிகள் வெளியிடும் வினைத்திறன் மிக்க ஆக்சிசன் சேர்மங்கள், புற்றைக் கொல்லவேண்டிய இயற்கைக் கொல்லி உயிரணுக்களையும் டி உயிரணுக்களையும் செயலிழக்கச் செய்கின்றன. ஹிஸ்டமின் எச்2 ஏற்பியின் வழியாக இச்சேர்மங்களின் ஆக்கத்தைத் தடுப்பதைச் சுவீடனின் கோத்தன்பர்கு நகரில் கிறிசுட்டோஃபர் எல்சுட்ராண்டு குழுவினர் கண்டனர்.

எலிகளில் கிடைத்த முரண்பட்ட விடைகள்

ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸ் மரபணு நீக்கப்பட்ட எலிகள் 2001 இல் சப்பானில் உருவாக்கப்பட்டன. இவற்றின் திசுக்கள் ஹிஸ்டமினை ஆக்குவதில்லை. மறுபுறம், எலி மெலனோமா உயிரணுக்களில் இந்நொதியை மிகைப்படுத்தியும் குறைத்தும் உருவாக்கிய வரிசைகளைப் புதாபெசுட்டுக் குழுவினர் 2005 இல் ஒப்பிட்டனர். ஹிஸ்டமினை மிகுதியாக ஆக்கிய கட்டிகள் விரைந்து வளர்ந்தன. பரவும் திறனும் கூடியிருந்தது. எச்2 ஏற்பியும், உயிரணு நகர்வோடு தொடர்புடைய ரோ-சி என்னும் புரதமும் அவற்றில் உயர்ந்திருந்தன.

இதிலிருந்து ஹிஸ்டமின் தீயது என முடிவுசெய்ய முற்படுவோர் 2011 இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான ஆய்வையும் கருதவேண்டும். மரபணு நீக்கப்பட்ட எலிகளில், வேதிப்பொருள்களால் தூண்டப்படும் பெருங்குடல் புற்றும் தோல் புற்றும் குறையவில்லை, கூடின. எலும்பு மச்சையிலிருந்து வரும் சில முதிராத உயிரணுக்கள் முதிர்ச்சி அடைவதற்கு ஹிஸ்டமின் தேவைப்படுகின்றது. அது இல்லாதபோது அவை முதிராமலே தேங்கிப் புற்றுக்கு ஏற்ற அழற்சிச் சூழலை உருவாக்கின. முதல் ஆய்வில் மாற்றப்பட்டது புற்று உயிரணு. இரண்டாவதில் மாற்றப்பட்டது முழு விலங்கு. எனவே இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

அளவிடுவதில் உள்ள இடர்கள்

நோயாளியிடமிருந்து எடுத்த கட்டியில் மாஸ்ட் உயிரணுக்கள் கலந்திருக்கும். அவற்றுள் சில இருந்தாலே ஹிஸ்டமின் அளவு தாறுமாறாக உயரும். வளர்ப்பு உயிரணு வரிசைகளைப் பயன்படுத்தினால் இவ்விடர் நீங்கும். ஆனால் வேறொன்று வந்துசேரும். வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கப்படும் கன்றுக் கருவின் ஊநீரில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதி உள்ளது. ஆகவே ஊடகத்தில் அளக்கப்படும் ஹிஸ்டமின், ஆக்கத்திற்கும் சிதைவிற்கும் இடையிலான மீதியே. இக்காரணத்தால் நொதியின் செய்தி ஆர்.என்.ஏ., நொதிப் புரதம், நொதியின் செயற்பாடு, வெளியான ஹிஸ்டமின் ஆகிய நான்கையும் சேர்த்து நோக்கும் ஆய்வுகளே நம்பத்தக்கவை. முன்னோடிப் புரதம் வெட்டப்பட வேண்டியிருப்பதால், செய்தி ஆர்.என்.ஏ. உயர்ந்தது என்பது மட்டும் ஹிஸ்டமின் உயர்ந்ததற்குச் சான்றாகாது.

மருத்துவ முயற்சிகள்

எச்2 தடுப்பியான சிமெட்டிடினை இன்டர்ஃபெரானோடு சேர்த்துப் பரவிய மெலனோமாவுக்கு வழங்கிய சிறு முயற்சிகள் 1980களின் தொடக்கத்தில் வெளியாயின. சில நோயாளிகளிடம் கட்டிகள் சுருங்கியதால் ஆர்வம் எழுந்தது. எனினும் சிமெட்டிடின் மெலனோமாவுக்கு ஏற்கப்பட்ட மருந்தாக ஆகவில்லை.

கோத்தன்பர்குக் கண்டுபிடிப்பின் அடிப்படையில் இதற்கு நேரெதிரான வழியும் முயலப்பட்டது: நோயாளிக்கு ஹிஸ்டமினையே கொடுத்தல். இன்டர்லியூக்கின்-2 பரவிய மெலனோமாவுக்கு 1998 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சைட்டோகைன் மருந்தாகும். அதனோடு ஹிஸ்டமின் இருகுளோரைடைத் தோலடி ஊசியாகச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு ஒன்றில் 305 நோயாளிகள் பங்கேற்றனர். முடிவு 2002 இல் வெளியானது. எல்லா நோயாளிகளையும் சேர்த்து நோக்கியபோது வாழ்நாள் நீட்சி புள்ளியியல் உறுதியைப் பெறவில்லை. ஈரலுக்குப் பரவியிருந்தோரிடம் மட்டும் தெளிவான பயன் தெரிந்தது. அப்பிரிவினரை மட்டும் கொண்டு நடத்திய அடுத்த ஆய்வு 2004 இல் அப்பயனை உறுதிசெய்யத் தவறியது. ஒரு பெரிய ஆய்வின் உட்பிரிவில் தென்படும் நற்செய்தியை எவ்வளவு எச்சரிக்கையோடு ஏற்கவேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்கது. இதே கூட்டு மருந்து, கடும் மச்சைசார் வெண்புற்றுநோயில் முதல் சிகிச்சைக்குப் பின் நோய் தணிந்த நிலையைக் காப்பதற்காக 2008 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்புதல் பெற்றது.

2010களில் நோயெதிர்ப்புத் தடைநீக்கி மருந்துகள் மெலனோமாச் சிகிச்சையை மாற்றியமைத்தபின், கவனம் எச்1 ஏற்பியின் பக்கம் திரும்பியது. சுவீடனின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு 2020 இல் வெளியான ஆய்வில், லோராட்டடின், டெசுலோராட்டடின் ஆகிய ஒவ்வாமை மருந்துகளைப் பயன்படுத்திய மெலனோமா நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தமை தெரிந்தது. 2022 இல் அமெரிக்காவிலிருந்து வெளியான ஆய்வு, பெருவிழுங்கிகளின் எச்1 ஏற்பியை ஹிஸ்டமின் தூண்டுவதால் டி உயிரணுக்கள் செயலிழப்பதை எலிகளில் காட்டியது. தடைநீக்கி மருந்து பெற்ற மெலனோமா, நுரையீரல் புற்று நோயாளிகளுள் எச்1 தடுப்பிகளையும் எடுத்துக்கொண்டவர்களிடம் சிகிச்சை சிறந்த பயன் தந்ததையும் அது குறிப்பிட்டது. மனிதர் பற்றிய இவ்விரு முடிவுகளும் நோயாளிகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட மருந்துகளின் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்துப் பெறப்பட்டவை. குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டவை அல்ல. மேலும் 2002 ஆம் ஆண்டின் உயிரணு ஆய்வில் எச்1 ஏற்பியே தொடக்க நிலை மெலனோமாவின் பெருக்கத்தைத் தடுத்தது. 2022 ஆம் ஆண்டின் ஆய்விலோ பெருவிழுங்கியின் எச்1 ஏற்பி புற்றுக்குத் துணைபோகின்றது. ஒரே மாத்திரை இவ்விரு ஏற்பிகளையும் வேறுபாடின்றித் தடுக்கும்.